கல்லூரியில் நாடகம்: பட்டப்படிப்பா, பாடவேளையா?

வடமாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் உதவிப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீளமான கடிதம். அதன் சாரம் இது:

சென்ற ஆண்டுவிழாவுக்கு 22 மாணவர்களை வைத்து 40 நிமிட நாடகம் ஒன்றைப் போட்டிருக்கிறார். நல்ல கைதட்டல். பார்த்து மகிழ்ந்த கல்லூரிச் செயலர், “நாடகத்துக்கென்றே ஒரு பி.ஏ. ஆரம்பித்துவிடலாமே, திட்டம் எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லி, முதல் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாயும் ஒதுக்கிவிட்டார். முதல்வருக்குத் தயக்கம். நல்ல அரங்கம் இல்லை, போலீஸ் அனுமதி என்று அலைய வேண்டிவரும் என்கிறார். சக ஆசிரியர்கள் சிலர், “பையன்களைக் கெடுக்கிற வேலை” என்கிறார்கள். ஒத்திகை இரவு எட்டு மணிவரை நீண்டதால் ஒரு மாணவியை அவருடைய அப்பா பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்தப் பெண் இந்த ஆண்டும் நடிக்கத் துடிக்கிறாள். நன்றாக நடித்த இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் படிப்பை விட்டுவிட்டு சென்னையில் சினிமா வாய்ப்புத் தேடப்போவதாகச் சொல்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: “இதனால் மாணவர்களின் வாழ்க்கையில் நிஜமாகவே ஏதாவது மாறுமா, இல்லை இது என்னுடைய ஆசை மட்டும்தானா?”

அன்புள்ள பேராசிரியருக்கு,

செயலருக்குப் பதில் சொல்லத் தேதி குறித்திருப்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம். பட்டப்படிப்பு வேண்டாம். “இப்போதைக்கு வேண்டாம்” என்று அவரிடம் நயமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் உங்கள் மனதுக்குள் ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதவிபெறும் கல்லூரியில் புதிதாக வரும் பாடப்பிரிவு பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் வரும். ஆசிரியர் சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்து வர வேண்டும். யாருக்காக இதைச் செய்ய நினைக்கிறீர்களோ, அந்தக் கூலி வீட்டுப் பிள்ளைகளால் கட்ட முடியாத இடத்தில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். இணைவிப்புக்குப் பல்கலைக்கழகம் கேட்கும் தகுதியோடு நாடக ஆசிரியர்கள் உங்கள் மாவட்டத்தில் கிடைப்பதும் லேசில்லை. அடுத்தது வேலை. இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பள்ளிப் பாடம். சாதாரண தரம், உயர்தரம் என்ற இரண்டு பொதுத்தேர்வுகளுக்கும் எடுத்துப் படிக்கலாம். அதனால் அங்கே நாடகம் படித்தவருக்கு ஆசிரியர் பணி என்றொரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நாடகம் ஒரு பாடமாக இல்லை. மூன்றாண்டு படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளையிடம் என்ன பதில் சொல்வீர்கள்?

பட்டப்படிப்பு இருந்தால்தான் நிலைக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. உங்கள் நிலையிலேயே இருந்த ஒருவர் இதற்குச் சான்று. 1960களில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் தமிழ் விரிவுரையாளர். அங்கே தமிழில் நாடகத் துறை என்று ஒன்று கிடையாது. அதே பல்கலைக்கழகத்தில் எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து மரபிலிருந்து ‘மனமே’ நாடகத்தை உருவாக்கிக் காட்டியிருந்தார். வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் போனார். அண்ணாவிமார் என்ற கூத்து ஆசான்களின் துணையோடு மாணவர்களை ஆடவைத்து, விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்காகச் சுருக்கி, ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலி வதை’ (1968) என்று அடுத்தடுத்துப் போட்டார். சுருக்கியதில் கூத்து எதை இழந்தது என்ற விவாதம் இன்றுவரை நடக்கிறது. அது வேறு கதை. நமக்கு வேண்டியது இது: இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவரானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். பல ஆண்டுகள் கழித்து அதே ‘இராவணேச’னைத் தம் மாணவர்களை வைத்து மறுபடி தயாரித்தார். நாடகத் துறையே இல்லாத இடத்தில் ஒரு தமிழ் விரிவுரையாளர் தொடங்கியது இன்னொரு பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் பயிற்சியாகவும் வளர்ந்தது. ஆண்டுக்கொரு தயாரிப்பு, விடாமல், ஊர்க்கலைஞரோடு சேர்ந்து. அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

பாடவேளையில் ஓர் இடம்

ஆகவே செயலரிடம் கேட்க வேண்டியது, மொழிப்பாடங்களுக்கும் முதன்மைப் பாடங்களுக்கும் வெளியே இருக்கிற பகுதி 4இல் ஒரு விருப்பப் பாடம். இரண்டு கிரெடிட், வாரம் 2 மணி நேரம், 15 வாரத்துக்கு 30 மணி. எல்லாத் துறை மாணவர்களும் எடுக்கலாம் என்று திறந்துவையுங்கள். வேதியியல் மாணவரும் பி.காம். மாணவரும் வராத நாடகக்குழு தமிழ்த்துறையின் கிளையாகச் சுருங்கிவிடும். பாடத்திட்டக் குழுவில் பாடத்திட்டம் வைக்கும்போது “கோட்பாடும் வரலாறும்” என்று நிரப்பிவிடாதீர்கள். அப்படி நிரப்பினால் ஆண்டிறுதியில் ‘சங்கரதாஸ் சுவாமிகள் குறிப்பு வரைக’ என்ற கேள்வியோடு அது செத்துப்போகும்.

இந்தப் பாடவேளையில் முதல் 6 வாரம் வசனமே வேண்டாம். நடப்பது, நிற்பது, இன்னொருவர் கண்ணைப் பார்ப்பது, மூச்சு, குரல். குரல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மைக் இல்லை என்றதும் மாணவர்கள் தொண்டையிலிருந்து கத்துவார்கள். மூன்றாம் நாள் கரகரப்பு வரும். மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, மெய்யெழுத்துகளை அழுத்திச் சொல்லப் பழக்கினால், மின்விசிறியை அணைத்துவிட்ட வகுப்பறையில் கடைசிப் பெஞ்சுவரை சாதாரணக் குரலே போகும். கரகரப்பு வந்த பிள்ளைக்கு மிளகுப்பால் கொடுத்து மறுபடி கத்தவைக்காதீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மதிப்பெண்ணை நடிப்புக்குக் கொடுத்தால் வாட்டசாட்டமான நான்கு பேர் வாங்கிக்கொண்டு போவார்கள். நூற்றுக்கு ஒத்திகைக் குறிப்பேடு 30, நேரத்துக்கு வருவது 20, மேடைக்குப் பின்னுள்ள வேலை 20, மேடையில் 20, வாய்மொழித் தேர்வு 10 என்று பிரிக்கலாம்.

அறையும் ஒத்திகையும்

ஆடிட்டோரியம் புதுப்பித்தபின் தொடங்கலாம் என்ற யோசனையை மறந்துவிடுங்கள். பெஞ்சுகளை வெளியே எடுக்க முடிகிற ஒரு பெரிய வகுப்பறை போதும். சிமெண்டுத் தரையில் குதிக்கவைத்தால் முழங்கால் வலி வரும். ஜமுக்காளம் விரித்தால் வழுக்கும். குதிப்பும் அடவும் மண்தரையில் வைத்துக்கொள்ளுங்கள்; மற்றவற்றை அறைக்குள் வெறுங்காலோடு செய்யலாம். நாடகம் எந்த மேடையில் நடக்கப்போகிறதோ, அதன் அகல நீளத்தை அளந்து அறைத் தரையில் முதல் நாளே வண்ண டேப்பால் ஒட்டிவிடுங்கள். கல்லூரி நாடகங்களில் அதிகம் சொதப்புவது இங்கேதான்: இருபது அடி அறையில் ஒன்பது வாரம் பழகிவிட்டு, முப்பது அடி மேடையில் அன்றைக்குத்தான் ஏறுவார்கள். நான்கு அடியில் முடிந்த நகர்வுக்கு ஆறு அடி தேவைப்படும். வசனம் முடிந்த பிறகும் நடந்துகொண்டிருப்பார்கள்.

40 நிமிட நாடகத்துக்கு ஒன்பது வாரம், வாரம் ஐந்து நாள், மாலை 4 மணிமுதல் 5.45 வரை. ஏறத்தாழ 79 மணி நேரம். நிமிடத்துக்கு இரண்டு மணி என்ற கணக்கு அனுபவமில்லாத குழுவுக்குச் சரியாக வரும். ஒத்திகையின் முதல் இரண்டு வாரம் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பு. எல்லாரும் எல்லாப் பாத்திரத்தையும் வாசிக்க வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம்வரை மேடை நகர்வு. ஆறாம் வாரத்தில் பிரதியைக் கீழே வைக்க வேண்டும். நகர்வுக்கு முன்பே வசனத்தை மனப்பாடம் செய்யவிட்டால் செய்யுள் ஒப்பிக்கிற ராகம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை உரித்தெடுக்கவே ஒரு மாதம் ஆகும். ஏழும் எட்டும் முழு ஓட்டம். ஒன்பதாம் வாரத்தில் ஒரு நாள் நடிப்பே இல்லாமல், விளக்கும் ஒலியும் மாறுகிற இடங்களை மட்டும் வரிசையாகத் தாண்டிப் பாருங்கள். பிறகு உடை ஒப்பனையோடு இரண்டு ஒத்திகை.

பாத்திரம் பிரிக்கும்போது கவனம். ராஜாவுக்குச் சிவந்த பையன், சேவகனுக்குக் கறுத்த பையன் என்று கை தானாகப் போகும். நல்ல எண்ணமுள்ள ஆசிரியர்களுக்கும் போகும். எல்லாரும் எல்லாவற்றையும் வாசித்திருந்தால் அந்தக் கையைத் தடுக்க ஒரு வழி கிடைக்கும்.

இன்னொன்று பெருக்குவது. ஒத்திகைக்கு முன் தரையைப் பெருக்கித் துடைக்க வேண்டும், வெறுங்காலில் ஆடுகிறார்கள் அல்லவா. “யாராவது பெருக்குங்கப்பா” என்று பொதுவாகச் சொன்னால் துடைப்பத்தை எடுப்பது பெண்கள். இல்லையென்றால் சேரியிலிருந்து வரும் மாணவர். யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதுதான் நடக்கும். நாளுக்கு இருவர் என்று பெயர்ப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கதாநாயகன் பெயரும் உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும்.

22 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் மேடையேறினால் போதும். மற்றவர்களுக்கு எடுபிடி வேலை கொடுத்து அனுப்பிவிடாமல் பொறுப்புக் கொடுங்கள். மேடை மேலாளரிடம் பிரதியின் தலைமைப் படி இருக்கும்: இடப்பக்கம் வசனம் ஒட்டியது, வலப்பக்கம் யார் எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது என்ற குறிப்புகள், எல்லாம் பென்சிலில், ஏனென்றால் தினமும் மாறும். பொருட்களுக்கு ஒருவர். ஒரு பெஞ்சின்மேல் காக்கித் தாளை விரித்து, கத்தி, செம்பு, கடிதம் என்று ஒவ்வொரு பொருளையும் வைத்து ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, அடியில் பெயரும் எழுதிவிட வேண்டும். நாடகம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தாளைப் பார்த்தாலே போதும். எந்தக் கோட்டுக்குள் ஒன்றும் இல்லையோ அந்தப் பொருள் காணோம்.

விளக்குக்கு மின்பணியாளர் ஒருவரின் உதவி வேண்டும். பழைய 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்டில் நான்கரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஒன்றுக்குமேல் மாட்டக் கூடாது. 16 ஆம்பியரில் மூன்றோடு நிறுத்த வேண்டும். வாடகைக்காரர் எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகுவார். வயர் சூடாகி நாடகத்தின் நடுவில் விளக்கு போகும். எல்.இ.டி. கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும். விளக்குக்கும் ஒலிக்கும் ஒரே இணைப்பு வேண்டாம், ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். முகத்துக்கு முன்பக்கம் இரு ஓரங்களிலிருந்தும் 45 பாகை சாய்வில் வெளிச்சம் விழ வேண்டும். நேர் உச்சியிலிருந்து விழுந்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிகள்தான் தெரியும்.

ஆண்டுவிழாவில் ஒரு தடவை போட்டு மூட்டைகட்டுவது இனி வேண்டாம். முன்னும் பின்னும் சினிமாப் பாட்டு நடனம் இருக்கும் மேடையில், கூட்டம் நாடகம் எப்போது முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே நாடகத்தை ஐந்து முறை போடுங்கள்: கல்லூரியில் ஒன்று, விடுதியில் ஒன்று, அரசுப் பள்ளியில் ஒன்று, நாட்டு நலப்பணித் திட்டம் தத்தெடுத்த ஊரில் இரண்டு. முதல் காட்சியில் மாணவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே ஆட்கள் இருப்பது மூன்றாம் காட்சியில்தான் அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

சென்னையிலிருந்து ஓர் இயக்குநரை வரவழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் பக்கத்து ஊரைப் பாருங்கள். நீங்கள் இருக்கும் வட்டாரம் தெருக்கூத்தின் தாய்மண். செய்யாறு பக்கம் புரிசையிலிருந்து வந்த கண்ணப்பத் தம்பிரானிடம்தான் சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்கள் கூத்துக் கற்றார்கள். ஒரு கூத்து வாத்தியாரையும் ஒரு மிருதங்கக்காரரையும் பத்து நாள் தங்கவைத்து அடவும் விருத்தமும் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனின் வேலையும் கற்கச் செய்யலாம். பொன்னாடை போர்த்தி வழியனுப்பும் பழக்கம் வேண்டாம். பேசிய தொகையைக் கடைசி நாளன்றே வங்கியில் போட்டுவிட வேண்டும்; அதற்கு முன்பணம் எடுக்கும் குறிப்பை ஒரு மாதம் முன்பே அலுவலகத்தில் நகர்த்திவையுங்கள். “பில் பாஸ் ஆகட்டும்” என்று மூன்று மாதம் இழுத்தால் அடுத்த ஆண்டு யாரும் வர மாட்டார்கள்.

ஒன்றரை லட்சத்தை நான் பிரித்தால் இப்படி வரும்: கூத்துக் கலைஞர்கள், தங்கல், சாப்பாடு 50,000, ஐந்து காட்சிக்கும் விளக்கு, ஒலி வாடகை 30,000, உடையும் பொருட்களும் 20,000, வெளியூர்க் காட்சிக்கு வண்டி 20,000, ஒத்திகை நேரத்துத் தேநீர், சுண்டல் 15,000, பிரதி, அச்சு, எழுத்தாளர் தொகை 5,000, கையிருப்பு 10,000. சுண்டலைக் கணக்குத் தணிக்கையில் வெட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் மாலை நாலு மணிக்கு மூச்சுப் பயிற்சி செய்ய முடியாது.

அந்த மாணவி

அவள் எவ்வளவு திறமைசாலி என்று அப்பாவிடம் பேசிப் பார்த்ததாகவும் அவர் மசியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கவலை திறமையைப் பற்றி இல்லை. எட்டு மணிக்குப் பிறகு ஊருக்கு எந்தப் பஸ், கூட யார் வருகிறார்கள், ஊரில் என்ன பேசுவார்கள் என்பதுதான். இதில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது; எட்டு மணிவரை ஒத்திகை வைத்தது திட்டமிடலின் கோளாறு. 5.45க்கு முடித்தால் ஆறரை மணிப் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஒத்திகைத் தேதிகள், முடியும் நேரம், பொறுப்பான ஆசிரியையின் தொலைபேசி எண், எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சிட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள், பையன்கள் வீட்டுக்கும் சேர்த்து. நான்காம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரை ஒத்திகைக்கே அழையுங்கள். பார்க்காதபோது மனதில் ஓடுவது பார்த்தபின் ஓடாது.

சட்டப்படி பதினெட்டு தாண்டியவள், தன் முடிவைத் தானே எடுக்கலாம். ஆனால் அதன் விலையை வீட்டில் அவள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். படிப்பே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. எந்த அளவுக்கு இழுத்துப் பிடிக்கலாம் என்பதை அவளே சொல்லட்டும். உங்கள் கொள்கைப் போராட்டத்துக்கு அவளை முன்னே நிறுத்தாதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் நடிக்கவைப்பது கூடவே கூடாது. காட்சியை யாரோ செல்போனில் எடுத்து அன்றிரவே அனுப்பிவிடுவார்கள்.

ஒத்திகை அறைக்குச் சில விதிகள் எழுதியே இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தனி ஒருவருக்குப் பயிற்சி கிடையாது. தொடும் காட்சி என்றால் முன்கூட்டிக் கேட்டு, ஒத்துக்கொண்ட அளவோடு. உடை மாற்றத் தனி அறை. இரவில் தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தி கிடையாது, குழுவில் மட்டும். 2015ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு உங்கள் கல்லூரியில் இருந்தாக வேண்டும். அந்தக் குழுவின் தொடர்பு எண்ணை ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டுங்கள். வெளியிலிருந்து வரும் கலைஞரிடமும் இயக்குநரிடமும் இந்த விதிகளைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பெரிய கலைஞர் என்றால் இரண்டு கையெழுத்து வாங்கலாம் என்பேன்.

முதல்வரின் பயம்

பிரதியைப் போலீசிடம் கொடுத்து முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற நினைப்பு 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்திலிருந்து வருவது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. வளாகத்துக்கு வெளியே ஒலிபெருக்கி வைத்தால் அதற்கு அனுமதி வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதைத் தவிர முதல்வர் பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் பிரதியை ஒத்திகைக்கு முன்பே அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அரங்கேற்றத்துக்கு முதல் நாள் ஒரு காட்சியை வெட்டச் சொல்லும் நிலைமை பெரும்பாலும் முன்பே காட்டாததால்தான் வருகிறது.

காப்புரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாட்டிக்கொள்ளும் இடம் அது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு. மூல ஆசிரியர் பழையவராக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. கல்விக்கூடத்தில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னிலையில் மட்டும் நடிப்பதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. கட்டணம் வாங்காத தொழில்முறை சாராக் குழுவுக்கும் அங்கே சலுகை உண்டு. ஆனால் பிரதியை வெட்டி ஒட்டுவதும் யூடியூபில் ஏற்றுவதும் அந்த விலக்குக்குள் அடங்கிவிடும் என்று நம்பாதீர்கள். எழுத்தாளருக்கு ஒரு கடிதம் போட்டு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சிறிய தொகையாவது கொடுங்கள். முதலாண்டில் வம்பே வேண்டாம் என்றால் நாட்டுடைமையான பாரதியின் பாஞ்சாலி சபதம் இருக்கிறது, உங்கள் வட்டாரக் கூத்தின் துகிலுரிதலோடு அழகாக இழையும்.

சென்னைக்குப் போக நினைக்கும் மாணவர்

அவரிடம் “சினிமா கெட்டது” என்று பேசினால் நாளைக்கே பஸ் ஏறுவார். தகவலாகச் சொல்லுங்கள். தேசிய நாடகப் பள்ளியில் சேரப் பட்டம் வேண்டும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் முதுகலை படிக்கவும் பட்டம் வேண்டும். இன்னும் சில பருவங்களை முடித்துவிட்டால் இந்தக் கதவுகள் திறந்திருக்கும். கூத்துப்பட்டறையிலிருந்து திரைக்குப் போன பசுபதி போன்றவர்கள் பல ஆண்டு மேடையில் நின்றவர்கள் என்பதையும் சொல்லலாம். வாய்ப்பு வாங்கித் தருகிறேன், போட்டோ எடுக்கப் பணம் கட்டு என்று யார் கேட்டாலும் அது ஏமாற்று வேலை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இத்தனைக்கும் பிறகு போவேன் என்றால் அது அவருடைய வாழ்க்கை. அரியர் எழுத வரும்போது கதவைச் சாத்தாதீர்கள்.

இதையொட்டி உங்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. ஒவ்வொரு தயாரிப்புக்கும் நாடகத்தின் பெயர், தேதி, இடம், யார் என்ன பொறுப்பு என்று ஒரு பதிவேடு வையுங்கள், அச்சிட்ட நிகழ்ச்சித் தாளையும் அதில் ஒட்டுங்கள். பின்னால் பங்கேற்புச் சான்று கேட்டு வரும் மாணவருக்கு அது உதவும்.

பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்பவர்களுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம். குழுவில் உள்ளவர்களின் வருகைப்பதிவையும் அரியர் எண்ணிக்கையையும் ஒத்திகைக்கு முன்னும் பின்னும் குறித்துவையுங்கள். எண்கள் மோசமாக இருந்தால் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஒத்திகை நாளைக் குறையுங்கள். ஆனால் அரியர் உள்ளவர் நாடகத்தில் சேரக் கூடாது என்ற விதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சிலர் கல்லூரிக்கு வருவதே மாலை நாலு மணிக்காகத்தான்.

மாறுமா என்று கேட்டீர்களே. ஆளுமை வளரும், தன்னம்பிக்கை பொங்கும் என்று செயலருக்கான தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு அந்தச் சொற்கள் பிடிக்கும். உங்களிடம் நான் சொல்லக்கூடியது இன்னும் சிறியது, ஆனால் உறுதியானது. ஒருவர் வராவிட்டால் இருபது பேர் காத்திருப்பார்கள் என்ற நிலையில் ஒன்பது வாரம் இருந்த பிள்ளைக்கு நேரம் வேறு மாதிரி புரியும். ஒரே பக்கத்தை ஐம்பது முறை உரக்க வாசித்தவர், அடுத்த புத்தகத்தை அதே அவசரத்தில் வாசிக்க மாட்டார். ஊர்க்காரர் முன் நின்று எண்ணூறு சொல்லைத் தடுமாறாமல் பேசிய பெண், தாலுகா அலுவலக ஜன்னல் முன் நின்று பேசுவாள். 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனிய’ரோடு ஊர் ஊராகப் போனபோது, அந்தக் காலத்தின் வலியைப் பேச மக்களுக்கு ஒரு மொழி கிடைத்தது. எல்லா ஆண்டும் எல்லாக் கல்லூரியிலும் அப்படி நடக்காது. பாதிப் பேருக்கு நல்ல நினைவாக மட்டும் தங்கிவிடலாம், அதிலும் குறையில்லை.

நிலைக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் நீங்களே இயக்காதீர்கள். உங்களுக்கு மாற்றலோ நீண்ட விடுப்போ வந்தால் அதோடு முடிந்துவிடும். மூன்றாண்டுப் படிப்பில் ஒவ்வோர் ஆண்டும் மூன்றிலொரு பங்கு வெளியேறும். ஆகவே எந்தத் தயாரிப்பிலும் முதலாண்டு எட்டுப் பேர், இரண்டாமாண்டு ஏழு, மூன்றாமாண்டு ஐந்து என்று கலந்து எடுங்கள். மேடை மேலாளர் இரண்டாமாண்டு மாணவராக இருக்கட்டும், அவருக்குத் துணையாக முதலாண்டு ஒருவர். மூன்றாம் ஆண்டு வரும்போது 15 நிமிடச் சிறு நாடகம் ஒன்றை மாணவரே இயக்கட்டும். சுமாராக வந்தாலும் தலையிட வேண்டாம்.

செயலருக்கான தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்: பகுதி 4இல் ஒரு பாடம், ஓர் அறை, மேலே சொன்ன செலவுக் கணக்கு, ஐந்து காட்சிகள். காட்சித் தேதிகளைப் பருவத்தேர்வு அட்டவணை வெளியான பிறகு நிரப்புகிறேன் என்று காலியாகவே விட்டுக் கொடுங்கள்.